பாரி மகளிரை யார் கேட்டார்?

திருவாதவூர் என்றதும் மாணிக்கவாசகர்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருவார். மேலூருக்கு அருகிலுள்ள அந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. சங்கப் புலவர் கபிலர் பிறந்ததும் அங்கேதான் என்பது வழிவழியாக வரும் செய்தி. கபிலரை நினைத்தால் பாரி மகளிரை நினைக்காமல் இருக்க முடியுமா? கதை எழுதுகிறவனாகிய எனக்கு, அவர்களோடு ஷேக்ஸ்பியரின் கார்டீலியாவும் நினைவுக்கு வந்துவிடுகிறாள்.

1608-ல் அச்சான 'லியர் அரசன்' நாடகத்தின் முதற் காட்சியே ஒரு சந்தைதான். கிழ அரசன் கோபங்கொண்டு கடைசி மகளின் சீதன நாட்டைப் பறித்துவிடுகிறான். வெறுங்கையோடு நிற்பவள் வேண்டாம் என்று பர்கண்டிப் பிரபு ஒதுங்குகிறான். பிரான்ஸ் மன்னன் ஏற்றுக்கொள்கிறான். தகப்பனின் நிலத்தை வைத்தல்லவா பெண்ணுக்கு மதிப்பு!

நம் கதையும் அதுவே. மூவேந்தரும் பெண் கேட்டார்கள், பாரி மறுத்தான், பறம்பு மலையை முற்றுகையிட்டார்கள் என்பார்கள். முந்நூறு ஊர்களையும் பரிசிலாகக் கொடுத்த வள்ளல் மாண்டான். கபிலர் அந்தப் பெண்களை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடம் போனார்; இருங்கோவேளிடம் போனார். பரிசில் வாங்கியே பழகிய புலவர் இப்போது கொடுக்கிறவராக நின்றார். கொடுக்க வந்த பொருள் பெண்கள்! மலை இருந்தபோது மூன்று முடிமன்னர்கள் போட்டியிட்ட அதே பெண்களை, மலை போனபின் குறுநில மன்னர்கள்கூட ஏற்கவில்லை.

நண்பனின் மக்களுக்காக அலைந்த கபிலரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் புறநானூற்றின் 200, 201, 202-ஆம் பாட்டுகளைச் சேர்த்துப் படித்துப் பாருங்கள். பாரியின் புகழ் இருக்கிறது. அரசரின் குலப்பெருமை இருக்கிறது. மறுத்த இருங்கோவேளிடம், புலவரை இகழ்ந்ததால் அழிந்த ஊரின் கதையைச் சொல்லும் சீற்றமும் இருக்கிறது. அந்தப் பெண்களின் விருப்பம் என்ன? அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அங்கவை, சங்கவை என்ற பெயர்கள்கூடப் பிற்கால வழக்கில் வந்தவையே. முதலாம் இராஜராஜன் காலத்துத் திருக்கோவலூர்க் கல்வெட்டு, பாரியின் அடைக்கலப் பெண்ணை மலையமானிடம் சேர்ப்பித்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தார் என்கிறது. அங்கும் பெயரில்லை, போதாக்குறைக்குப் பலர் ஒருத்தியாகிவிட்டார்கள்!

கார்டீலியாவுக்காவது வாய் இருந்தது. செல்வத்தைக் காதலிப்பவனுக்கு நான் மனைவியாக மாட்டேன் என்று பிரபுவின் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். பாரி மகளிருக்கு எந்த அரண்மனையிலும் அந்த வாய்ப்பில்லை. அவர்கள் குரலாக நமக்குக் கிடைத்திருப்பது புறநானூற்றின் 112-ஆம் பாட்டு ஒன்றுதான், ஐந்தே அடிகள். அதில் கல்யாணப் பேச்சே கிடையாது. தகப்பனும் மலையும் போன துயரம் மட்டுமே இருக்கிறது.

எல்லோரும் அவர்களுக்கு மாப்பிள்ளை தேடினார்கள். அவர்கள் தேடியதோ தகப்பனை. கேட்க யாருக்கும் தோன்றவில்லை. நல்லவேளையாக, அவர்களே பாடி வைத்துவிட்டுப் போனார்கள்.