ஸ்கைப் – அப்பாச்சி துறை மோதல்

ஸ்கைப் – அப்பாச்சி துறை மோதல் என்பது, விண்டோஸ் இயங்குதளத்தில் ஸ்கைப் மென்பொருள் 80 அல்லது 443 ஆம் துறையை முன்னரே பிடித்துக்கொள்வதால் அப்பாச்சி இணைய வழங்கி தொடங்க இயலாமற் போகும் சிக்கலாகும். துறை என்பது பேச்சு வழக்கில் போர்ட் எனப்படும். 2003 இல் வெளியான ஸ்கைப்பின் சேவை 2025 மே 5 அன்று நிறுத்தப்பட்டது. எனினும் இத்தகைய மோதல் பிற மென்பொருட்களாலும் ஏற்படுவதால், இதனைக் கண்டறியும் முறை இன்றும் பொருந்தும்.

பின்னணி

ஒரு கணினியின் மென்பொருட்கள் பல ஒரே ஐ.பி. முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. வரும் தரவு எந்த மென்பொருளுக்கு உரியது என்பதைத் துறை எண் சுட்டுகிறது. இவ்வெண் 16 பிட்டுகளால் ஆனது. 0 முதல் 65535 வரை அமையும். எச்.டி.டி.பி. நெறிமுறைக்கு 80 உம், எச்.டி.டி.பி.எஸ். நெறிமுறைக்கு 443 உம் ஒதுக்கப்பட்டுள்ளன. ஒரே முகவரியில் ஒரு டி.சி.பி. துறையைப் பொதுவாக ஒரு மென்பொருள் மட்டுமே பயன்படுத்திக் காத்திருக்க முடியும்.

காரணம்

தீயரண்கள் பல துறைகளை மூடினாலும், இணையப் பயன்பாட்டுக்காக இவ்விரண்டையும் அனுமதிப்பது வழக்கம். எனவே ஸ்கைப்பின் பழைய பதிப்புகள் இவற்றை உள்வரும் இணைப்புகளுக்கான மாற்றுத் துறைகளாகப் பயன்படுத்தின.

அப்பாச்சி முதலில் தொடங்கினால் ஸ்கைப் வேறு துறையில் இயங்கும். பிழை எதுவும் தோன்றாது. ஸ்கைப் முதலில் தொடங்கினால் அப்பாச்சி நின்றுவிடும். ஆகவே நேற்று இயங்கிய வழங்கி இன்று காரணமின்றிப் பழுதானது போலத் தோன்றும். இந்நிலையில் சாம்ப், வாம்ப் முதலிய பொதிகளை நீக்கி மீண்டும் நிறுவுவது பயன் தராது. நீக்கும்போது தரவுத்தளக் கோப்புகளும் அழியக்கூடும்.

கண்டறிதல்

அப்பாச்சியைக் கட்டளைச் சாளரத்திலிருந்து தொடங்கினால், முகவரியுடன் பிணைய இயலவில்லை என்னும் செய்தி தோன்றும். துறை பயன்பாட்டில் உள்ளது என்பதைக் குறிக்கும் விண்டோஸ் பிழை எண் 10048 ஆகும்.

அடுத்து நெட்ஸ்டாட் கட்டளையை ஏ, என், ஓ ஆகிய தெரிவுகளுடன் இயக்க வேண்டும். உள்ளக முகவரி ":80" என முடிந்து, லிசனிங் நிலையில் உள்ள வரியின் இறுதியில் செயல்முறை எண் இருக்கும். அவ்வெண்ணுக்குரிய மென்பொருளைப் பணி மேலாளரில் காணலாம். எண் 4 எனில் அது விண்டோஸின் சிஸ்டம் செயல்முறையாகும். அதனை முடிக்க முயலாமல், ஐ.ஐ.எஸ். போன்ற சேவை இயங்குகிறதா எனப் பார்த்து அச்சேவையை நிறுத்த வேண்டும்.

தீர்வுகள்

* ஸ்கைப்பின் பழைய பதிப்புகளில், மேம்பட்ட அமைப்புகளின் இணைப்புப் பகுதியில் 80, 443 துறைகளுக்கான தெரிவை நீக்கி, ஸ்கைப்பை மீளத் தொடங்குவதே தீர்வாக இருந்தது.
* அப்பாச்சியின் முதன்மை அமைவுக் கோப்பில் "லிசன் 80" என்பதை "லிசன் 8080" என மாற்றலாம். அதன்பின் உலாவியில் "லோக்கல்ஹோஸ்ட்:8080" எனத் துறை எண்ணையும் சேர்த்தே இட வேண்டும். 443 ஆம் துறைக்குரிய வரி பெரும்பாலும் தனி எஸ்.எஸ்.எல். அமைவுக் கோப்பில் இருக்கும்.
* அப்பாச்சியை முதலில் தொடங்குவது தற்காலிகத் தீர்வே. கணினியை மீண்டும் இயக்கும்போது மோதல் திரும்பலாம்.

பிற மென்பொருட்கள்

விஎம்வேர் ஒர்க்ஸ்டேசனின் சில பழைய பதிப்புகள் 443 ஆம் துறையைப் பயன்படுத்தின. மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் இரு முறை நிறுவப்பட்ட கணினிகளில் இதே மோதல் 3306 ஆம் துறையில் நிகழும்.