நீச்சல் குளமும் குளோரினும் – ஒரு வரலாற்று நோக்கு

நீரைப் பேசாத சமயம் இல்லை. நீர்நிலை இல்லாத பழைய ஊரும் இல்லை. பழவங்காடியிலிருந்து கோட்டைக்குள் நுழைந்தால் பத்மதீர்த்தம். தெற்கே போனால் கரமனை ஆறு. நம்மவர்களில் முந்திய தலைமுறையினர் பலர் அந்த ஆற்றில்தான் நீந்தக் கற்றார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு நீச்சல் என்றால் நீல ஓடு பதித்த குளம். மூக்கைத் துளைக்கும் குளோரின் வாடை. கோடை விடுமுறை வந்தால் நம் சங்கத்துத் தாய்மார்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "குளோரின் தண்ணியில குளிச்சா கேன்சர் வருமாமே, பிள்ளைங்கள அனுப்பலாமா?" சிரித்துத் தள்ளக்கூடிய கேள்வி அல்ல இது. இதற்கு விடை காண வரலாற்றைத்தான் புரட்ட வேண்டும். சாலைக் கடைத்தெருவில் பிளீச்சிங் பவுடரும் விற்கிறவன் நான். வியாபாரிப் பேச்சு என்று எண்ணாமல் படிக்குமாறு வேண்டுகிறேன்.

வடிகட்டும் வழக்கம்

நீரைத் துணியில் வடிகட்டி அருந்துவது சமண இல்லறத்தாரின் நெடுநாளைய ஒழுக்கம். துணியில் தங்கிய சிற்றுயிர்களை, நீர் எடுத்த இடத்திலேயே திரும்ப விடுவதும் இதில் அடங்கும். கொல்லாமைக்காக ஏற்பட்ட வழக்கம் இது. நோய்த் தடுப்புக்காக அல்ல. குளோரினோ உயிர்களைக் கொன்று நீரைத் தூய்மை செய்வது. அஹிம்சை நோக்கில் எங்களுக்கு அது சற்று நெருடல்தான். ஆயினும் இல்வாழ்வில் முற்றும் தவிர்க்க முடியாத ஹிம்சை உண்டு என்பதைச் சமண நெறி ஒப்புக்கொள்கிறது. முதலில் வடிகட்டு, மற்றதெல்லாம் பிறகு என்னும் அந்த வரிசை முறையை மட்டும் வாசகர்கள் மனத்தில் வைக்க வேண்டும். பின்னால் அது பயன்படும்.

குளோரின் வந்த வழி

1774-இல் சுவீடன் நாட்டு வேதியியலார் ஷீலே இந்த வாயுவை முதலில் பிரித்தார். 1810-இல் ஹம்ப்ரி டேவி அதற்குக் குளோரின் என்று பெயரிட்டார். 1799-இல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் டென்னன்ட் பிளீச்சிங் பவுடருக்குக் காப்புரிமை பெற்றார். அப்போது அது துணி வெளுக்கும் சரக்கு. 1847-இல் வியன்னா மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், பிரசவம் பார்க்குமுன் குளோரின் கலந்த நீரில் கை கழுவச் சொன்னார்; தாய்மார் சாவு வெகுவாகக் குறைந்தது. 1905-இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் டைபாய்டு பரவியபோது குடிநீரில் குளோரின் தொடர்ந்து சேர்க்கப்பட்டது. 1908-இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரம் அதைப் பின்பற்றியது. காலராவும் டைபாய்டும் அடங்கியதில் இதற்குப் பெரும் பங்குண்டு.

நம்ம திருவனந்தபுரத்தில் அருவிக்கரையிலிருந்து கரமனையாற்று நீரைக் கொண்டுவரும் வில்லிங்டன் நீர்த்திட்டம் 1933-இல் தொடங்கியது. 1951-இல் ஆலுவாவுக்கு அருகே ஏலூரில் திருவிதாங்கூர்–கொச்சி கெமிக்கல்ஸ் ஏற்பட்டது. காஸ்டிக் சோடாவோடு குளோரினும் நம் பக்கத்திலேயே கிடைக்கலாயிற்று.

ஐயம் பிறந்த ஆண்டு 1974

ஹாலந்தின் ராட்டர்டாம் நகர நீர் நிலையத்தில் பணியாற்றிய ரூக் என்பவர் 1974-இல் ஒன்றைக் கண்டறிந்தார். இலை, மண், அழுகல் இவற்றிலிருந்து நீரில் கரைந்த பொருள்களோடு குளோரின் சேரும்போது குளோரோஃபார்ம் முதலிய புதிய சேர்மங்கள் உண்டாகின்றன. இவற்றுக்கு டிரைஹாலோமீத்தேன்கள் என்று பெயர். குளோரோஃபார்ம் எலிகளுக்குப் புற்று உண்டாக்குவது 1976-இல் தெரியவந்தது. 1979-இல் அமெரிக்க அரசு, ஒரு லிட்டர் குடிநீரில் இவை 100 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்றது. பின்னர் 80 ஆகக் குறைத்தது.

ஐயம் குளோரின்மேல் மட்டும் அல்ல, குளோரினும் அழுக்கும் கூடிப் பெற்ற பிள்ளைகள்மேல் என்பதைக் கவனிக்க வேண்டும். நீச்சல் குளத்தில் அந்த அழுக்கு எது? நம் வியர்வை, தலை எண்ணெய், சிறுநீர். மூக்கைத் துளைக்கும் வாடையும் பெரும்பாலும் குளோரின் வாடை அல்ல. இந்த அழுக்கோடு சேர்ந்து உண்டான குளோராமின் வாடை. வாடை அதிகம் என்றால் நீர் சுத்தம் என்று நாம நினைக்கிறோம். உண்மை நேர்மாறு.

ஸ்பெயின் நாட்டு ஆய்வுகள்

நீச்சலையும் புற்றையும் நேராக இணைத்துப் பார்த்த ஆய்வுகளில் பெயர் பெற்றது வில்லனுவேவா குழுவினர் 2007-இல் வெளியிட்டது. ஸ்பெயினில் சிறுநீர்ப்பைப் புற்று கண்ட சுமார் 1,200 பேரையும், அது இல்லாத ஏறத்தாழ அதே எண்ணிக்கையினரையும் ஒப்பிட்டார்கள். குளத்தில் நீந்தியவர்களிடம் அந்நோய் சுமார் ஒன்றரை மடங்கு கூடுதலாகக் காணப்பட்டது. இச்சேர்மங்கள் குடிப்பதால் மட்டும் அல்ல, தோல் வழியும் மூச்சு வழியும் உள்ளே போகின்றன என்பது அவர்கள் விளக்கம்.

2010-இல் கோகெவினாஸ் குழுவினர் பார்சிலோனாவில் 49 பேரைக் கூரையுள்ள குளத்தில் 40 நிமிடம் நீந்த வைத்தார்கள். வெளிவிட்ட மூச்சில் டிரைஹாலோமீத்தேன் சுமார் ஏழு மடங்கு கூடியது. மரபணுச் சிதைவைக் காட்டும் சில அடையாளங்களிலும் மாற்றம் தெரிந்தது. அப்படியிருந்தும் நீச்சலை விடுங்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. குளத்தைச் சுத்தமாக வையுங்கள் என்றே சொன்னார்கள்.

இரண்டு செய்தி சேர்ந்து காணப்படுவதால் மட்டும் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1991-இல் குளோரின் கலந்த குடிநீரை, புற்று உண்டாக்குமா என்று வகைப்படுத்த இயலாதவற்றில் வைத்தது. சிறுநீர்ப்பைப் புற்றுக்கு ஐயமின்றி மெய்ப்பிக்கப்பட்ட பெரிய காரணம் புகைப்பதுதான். 1981-இல் தொடங்கிய நம் ஊர் மண்டலப் புற்றுநோய் மையத்தின் மருத்துவர்களும் பிறரும் இந்த மாவட்டத்துப் பஞ்சாயத்துகளில் நடத்திய வாய்ப்புற்று ஆய்வு, 2005-இல் லான்செட் இதழில் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களின் வாயைக் கண்ணால் சோதித்தே சாவைக் குறைக்கலாம் என்று அது காட்டியது. வீட்டுப் பெரியவர் புகையிலை போடுவதைப் பார்த்துக்கொண்டே, பேரனை நீச்சலுக்கு அனுப்ப அஞ்சுவது எந்த நியாயம்?

குளோரின் இல்லாவிட்டால்?

மறுபக்கத்தையும் கேரளம் கண்டுவிட்டது. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் ஒருவகை அமீபா, மூக்கு வழியே மூளைக்கு ஏறுகிறது. மிக அரிய நோய். ஆனால் உயிரைக் குடிப்பது. 2016-இல் ஆலப்புழையில் தெரிந்த இந்நோய் 2024, 2025 ஆண்டுகளில் மாநிலம் எங்கும் பேச்சானது. 2025 ஆகஸ்ட் 30, 31 தேதிகளில் 'ஜலமாணு ஜீவன்' என்ற பெயரில் கிணறுகளில் குளோரின் இடும் இயக்கம் நடந்தது. செப்டம்பரில் ஆக்குளத்து நீச்சல் குளத்தில் குளித்த ஒருவருக்கு நோய் உறுதியானதும் அக்குளம் மூடப்பட்டு, நீர் சோதனைக்கு எடுக்கப்பட்டது. நம் வாசலிலேயே நடந்த செய்தி இது. புற்று பற்றியது ஐயம். கிருமி பற்றியது கண்கூடு. நீந்தத் தெரியாமல் ஆற்றிலும் குளத்திலும் போகும் உயிர்களையும் சேர்த்து எண்ண வேண்டும்.

முடிவுரை

வரலாறு தரும் பாடம், பழைய வடிகட்டும் ஒழுங்கேதான். அழுக்கு முதலில் போகட்டும், குளோரின் பிறகு வரட்டும். அழுக்கு குறைந்தால் குளோரினும் குறைவாகப் போதும்; அதன் கெட்ட பிள்ளைகளும் குறையும். ஆகவே பிள்ளைங்களை நீச்சலுக்கு அனுப்புங்க. இறங்குமுன் கழிப்பறைக்குப் போய் வரச் சொல்லுங்க. சோப்புப் போட்டுக் குளிக்க வைங்க. தலையில் எண்ணெயோடு அனுப்பாதீங்க. காற்றோட்டமான குளத்தையே தேர்ந்தெடுங்க. குளோரின் அளவைத் தினமும் பார்த்து எழுதுகிறார்களா என்று நிர்வாகத்தாரைக் கேளுங்க. காசு கொடுக்கிற நாம் கேட்கலாம். கண்ணை எரிக்கும் வாடை அடித்தால் அன்று திரும்பி வந்துவிடுங்க. ஏறியதும் நல்ல நீரில் குளிக்கச் சொல்லுங்க. இத்தனையும் செய்ய ஐந்து நிமிடம் போதும்.