வாகனத் திருட்டும் காப்பீட்டு மோசடியும் (இந்தியா)

வாகனத் திருட்டும் வாகனக் காப்பீட்டு மோசடியும் சட்டப்படி வெவ்வேறு குற்றங்கள். காவல் நிலையத்தில் இரண்டும் ஒரே மேசைக்கு வந்து சேர்கின்றன. வண்டி காணவில்லை என்று பதியப்படும் முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) திருடனைத் தேடும் விசாரணையின் தொடக்கம். இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் பணம் கேட்பதற்கு அடிப்படை ஆவணமும் அதுவே. ஆகவே வண்டியைப் பறிகொடுத்தவரும், அதை விற்றுவிட்டுத் திருட்டுப் போனதாகச் சொல்பவரும் ஒரே மாதிரிப் புகாரைத்தான் நீட்டுவார்கள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு சாதாரணத் திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. சரக்கு அல்லது பயணிகளை ஏற்றப் பயன்படும் ஊர்தியைத் திருடினால் 305ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை போகலாம். திட்டமிட்ட குற்றங்களைப் பற்றிய 111ஆம் பிரிவிலும் வாகனத் திருட்டு பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது.

திருட்டுப் போகும் வண்டிகளில் பெரும்பாலானவை இருசக்கர வாகனங்கள். அவற்றில் பலவற்றுக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே இருக்கும். திருட்டுக்கு அதில் ஒரு ரூபாயும் கிடைக்காது. அந்த உரிமையாளருக்கு வண்டி திரும்பக் கிடைப்பது ஒன்றே வழி. இரவு நேர வாகனத் தணிக்கை, சிசிடிவி பதிவு, பழைய குற்றவாளிகளைக் கண்காணிப்பது ஆகியவைதான் இங்கே காவலர்களின் வழக்கமான கருவிகள். பிடிபட்ட வண்டி யாருடையது என்பதைப் பதிவுச் சான்று (ஆர்.சி.) விவரங்கள் உள்ள 'வாகன்' தரவுத்தளத்திலும், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' தரவுத்தளத்திலும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பழைய வண்டி வாங்குபவரும் பின்னதில் தேடிப் பார்க்கலாம். செய்பவர்கள் குறைவு.

2019 ஏப்ரல் 1 முதல் புதிய வண்டிகளுக்குக் கட்டாயமான உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட்டைக் கழற்றினால் அதன் பூட்டு உடைந்துவிடும். மறுபடி மாட்ட முடியாது. ஆனாலும் பிளேட்டைவிட நம்பகமானது சேஸிஸ் எண். பதினேழு எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட இந்த எண்ணை அரம் போட்டுத் தேய்த்து அழிப்பது பழைய உத்தி. எண்ணை அடித்துப் பதிக்கும்போது அதன் அடியிலுள்ள உலோகமும் நசுங்கியிருக்கும். தடய அறிவியல் ஆய்வகத்தில் அந்த இடத்தை மெருகேற்றி, தாமிரக் குளோரைடு கலந்த அமிலக் கரைசலைத் தடவினால் நசுங்கிய பகுதி வேறுவிதமாக அரிபட்டு, மறைந்த எண் பல நேரங்களில் தெரிந்துவிடும்.

திருட்டும் காப்பீடும் நேரடியாகக் கைகோக்கும் இடம் 'டோட்டல் லாஸ்' வண்டி. பழுது பார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் வண்டி முழு இழப்பாகக் கணக்கிடப்பட்டு, நொறுங்கிய உடல் விலை பேசி விற்கப்படும். அதை வாங்கும் கும்பலுக்கு வேண்டியது இரும்பு அல்ல, ஆர்.சி.யும் சேஸிஸ் எண்ணும். அதே மாடலில், அதே நிறத்தில் ஒரு காரைத் திருடி, நொறுங்கிய வண்டியின் எண்ணை அதில் வெட்டி ஒட்டிவிட்டால் திருட்டுக் கார் சுத்தமான ஆவணத்தோடு சாலைக்கு வருகிறது. மீதி பாகங்கள் காயலான் கடைகளுக்குப் போகும். திருட்டு வண்டிகளைப் பிரித்து விற்பதற்குப் பேர் போன மீரட் நகரின் சோதிகஞ்ச் சந்தையை உத்தரப் பிரதேசக் காவல்துறை 2021 டிசம்பரில் மூடியது. திருடர்களைத் துரத்துவதைவிட வாங்குபவர்களை முடக்குவது பலன் தரும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

உரிமையாளரே நடத்தும் நாடகத்தில் நிறுவனம் முதலில் கேட்பது இரண்டு அசல் சாவிகள். சந்தேகம் வலுத்தால் காவலர்கள் கடன் தவணை பாக்கி, செல்பேசி இருந்த இடம், ஃபாஸ்டேக் சுங்கப் பதிவுகள் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். வண்டி கிடைக்காதபோது தரப்படும் 'கண்டுபிடிக்க இயலவில்லை' என்ற சான்றில்லாமல் பொதுவாகத் தொகை வராது. புகார் உடனே தரப்பட்டிருந்து, நிறுவனத்துக்குச் சொல்வதில் மட்டும் தாமதம் என்றால் அதைக் காரணம் காட்டி உண்மையான கோரிக்கையை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் தீர்ப்பளித்தது.

காப்பீட்டு மோசடியின் இன்னொரு வகையான விபத்து மோசடியின் வேர் இழப்பீட்டு விதியிலேயே இருக்கிறது. மோதிய வண்டி தெரியாவிட்டால் மரணத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 2 லட்சம் ரூபாய்தான். வண்டி அடையாளம் தெரிந்தால் தீர்ப்பாயத்தில் பல லட்சம் கிடைக்க வாய்ப்புண்டு. இந்த இடைவெளியில்தான் காப்பீடு உள்ள ஒரு வண்டியைப் பின்னால் கொண்டுவந்து வழக்கில் நுழைக்கும் தரகர்கள் பிழைக்கிறார்கள். சில இடங்களில் வழக்கறிஞர்களும் காவலர்களுமே உடந்தை என்பதை மறைப்பதற்கில்லை. 2015இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் இத்தகைய போலிக் கோரிக்கைகளை விசாரிக்கச் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க ஆணையிட்டது.

மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் முதலில் எழுதப்பட்ட வாசகம், எஃப்.ஐ.ஆர். பதிவான தேதி, மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நுழைக்கப்பட்ட வண்டி பெரும்பாலும் பல்லிளித்துவிடும். சென்னை ஐஐடி உருவாக்கிய விபத்துத் தரவுத்தளம் 2021இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் முதலில் சோதிக்கப்பட்டது. விபத்து நடந்த இடத்தையும் படங்களையும் காவலர் அங்கிருந்தே செல்பேசி வழியாக அதில் பதிகிறார். பிறகு வண்டியை மாற்றுவது அதனால் கடினமாகிறது.

மீட்ட வண்டியை நிலையத்தில் நெடுநாள் போட்டுவைக்கக் கூடாது என்பது உச்ச நீதிமன்றத்தின் 2002 தீர்ப்பு. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497ஆம் பிரிவு இப்போது படமும் காணொளியும் எடுத்து, விவரப் பட்டியல் தயாரித்து, 30 நாளில் ஒப்படைக்கவோ அகற்றவோ உத்தரவிட வேண்டும் என்கிறது. காப்பீட்டுத் தொகை ஏற்கெனவே தரப்பட்டிருந்தால் வண்டி பொதுவாக நிறுவனத்துக்கே போகும்.