குதிரைச் செஸ்ட்நட் இலைத்துளைப்பான்

குதிரைச் செஸ்ட்நட் இலைத்துளைப்பான் சுமார் 5 மில்லிமீட்டர் அளவே உள்ள ஓர் அந்துப்பூச்சி. இதன் அறிவியல் பெயர் கமேராரியா ஓரிடெல்லா. பழுப்பு நிற முன்னிறகுகளில் வெள்ளிக் கோடுகள் இருக்கும். முட்டையிலிருந்து வரும் புழு, இலையின் இரு தோல்களுக்கும் நடுவே நுழைந்து பச்சைப் பகுதியைத் தின்று வளர்கிறது. ஓர் ஆண்டில் பெரும்பாலும் மூன்று தலைமுறைகள் தோன்றுவதால், கோடை முடியுமுன்பே மரம் முழுவதும் கருகியதுபோல் ஆகிவிடும். மரம் பொதுவாகப் பட்டுப்போவதில்லை, விதைகள் சிறுத்துவிடும்.

1984 இல் மாசிடோனியாவின் ஓகிரிட் ஏரிப் பகுதியில் இது முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது. டெஷ்கா, டிமிச் என்னும் இருவர் 1986 இல் இதைப் புதிய இனமாக விவரித்தனர். 1989 இல் ஆஸ்திரியாவிலும் 2002 இல் இங்கிலாந்திலும் தென்பட்டது. வாகனங்களில் ஒட்டிக்கொண்டு இவ்வளவு தொலைவு பயணம் செய்தது என்பதே பொதுவான கருத்து.

இது எங்கிருந்து வந்தது என்பதுதான் பெரிய கேள்வி. இப்பேரினத்தின் மற்ற இனங்கள் வட அமெரிக்காவிலும் ஆசியாவிலும் இருந்தன. ஐரோப்பாவில் ஒன்றுகூட இல்லை. ஆகவே இது வெளியிலிருந்து வந்தேறியது என்றே பலரும் எண்ணினர். வேடிக்கை என்னவென்றால், மரத்தின் பிறப்பிடமும் ஒரு காலத்தில் இப்படித்தான் குழப்பமாக இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து வந்த விதைகளைக் கொண்டு குளூசியஸ் இம்மரத்தை வியன்னாவில் வளர்த்தார். அதன் தாயகம் ஆசியா என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. கிரேக்க நாட்டு மலைகளில் அது இயற்கையாகவே வளர்கிறது என்பதை நிலைநாட்டியவர் தியோடர் ஃபான் ஹெல்டிரைக் என்னும் தாவரவியலாளர், ஆண்டு 1879.

2011 இல் டேவிட் லீஸ் முதலிய ஆய்வாளர்கள் அருங்காட்சியகங்களில் உலர்த்தி அழுத்தி வைக்கப்பட்டிருந்த பழைய இலைகளைத் தேடிப் பார்த்தனர். இலைகளோடு சேர்ந்து நசுங்கிய புழுக்கள் அவற்றுக்குள் இருந்தன. டி.என்.ஏ. சோதனை அவை இதே பூச்சிதான் எனக் காட்டியது. அவற்றுள் மிகப் பழையது, கிரேக்கத்தில் 1879 இல் ஹெல்டிரைக் சேகரித்த இலை! மரத்துக்கு ஊர் கண்டவரின் கையிலேயே பூச்சியும் இருந்திருக்கிறது; 105 ஆண்டுகள் எவர் கண்ணிலும் படவில்லை. பால்கன் பள்ளத்தாக்குகளில் ஒதுங்கிக் கிடந்த பூச்சி, அங்கே சாலைகள் பெருகிய பின்னர் வெளியேறியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

ஜப்பானியக் குதிரைச் செஸ்ட்நட்டும் இதற்கு இரையாகிறது. சைக்கமோர் மேப்பிள் மரத்திலும் சில வேளைகளில் காணப்படும். மேற்கு இமயமலையின் இந்தியக் குதிரைச் செஸ்ட்நட்டிலோ புழுக்கள் பெரும்பாலும் பிழைப்பதில்லை. கூட்டுப்புழு உதிர்ந்த இலைகளுக்குள்ளேயே குளிர்காலத்தைக் கழிப்பதால், ஐரோப்பிய நகரங்களில் இலையுதிர்காலத்தில் சருகுகளைக் கூட்டி அள்ளி அழிக்கிறார்கள்.