2.13 டாலர்

அமெரிக்க ஹோட்டல்ல பில்லுக்கு மேல 15-20% டிப்ஸ்னா நம்மாளுங்களுக்கு வயித்தெரிச்சல். இதுக்கு மாத்திரை கிடையாது, வரலாறுதான் இருக்கு.

டிப்ஸ் பழக்கம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. அதைச் சம்பளத்துக்குப் பதிலாக்கினது அமெரிக்க முதலாளிகள். உள்நாட்டுப் போருக்குப் பிறகு புல்மேன் ரயில் கம்பெனி, விடுதலையான கறுப்பின அடிமைகளைப் போர்ட்டர்களா எடுத்தது. சொற்பச் சம்பளம், மிச்சம் பயணிகள் தலையில. 1909-ல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸையே தடை செஞ்சது, நிலைக்கல. 1925-ல் போர்ட்டர்கள் சங்கம் கட்டினாங்க. கம்பெனி ஒப்பந்தம் போட 12 வருஷம் ஆச்சு!

1966-ல் இந்த வழக்கம் சட்டத்துக்குள்ளயே வந்துடுச்சு. டிப்ஸ் வாங்குறவருக்கு முதலாளி தன் கையிலிருந்து தரவேண்டிய குறைந்தபட்சம், மத்திய அரசுச் சட்டப்படி, மணிக்கு 2.13 டாலர். 1991-லிருந்து அதேதான். டிப்ஸ் சேர்த்தும் 7.25 வரலைன்னா மீதியை முதலாளி போடணும். கலிஃபோர்னியா மாதிரி சில மாநிலங்கள்ல மட்டும் முழுச் சம்பளம்.

ஜப்பான்ல வைக்காதீங்க. காசை மறந்துட்டீங்கன்னு பின்னாடியே ஓடி வருவாங்க.