நம் ஊர்ப் பாறையும் அரியலூர்க் கடலும்

நம் குடியிருப்பில் கல் இல்லாத வீடு கிடையாது. சமையல் மேடையில் கருப்பு கிரானைட், அலமாரித் தட்டில் கடப்பா கல், அஸ்திவாரத்தில் கருங்கல், சுவரில் சிமென்ட் பூச்சு. சில வீடுகளின் பூஜை அறையில் சாளக்கிராமமும் இருக்கும். இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு விதத்தில் உண்டானவை. இவற்றில் இரண்டுக்கு ஒரு காலத்தில் கடலில் வாழ்ந்த உயிர்களோடு நேரடி உறவு உண்டு. ஒன்று சாளக்கிராமம். மற்றொன்று சிமென்ட்.

நம் பக்கத்துக் குழந்தைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "அரியலூரில் கடல் உயிரினங்களின் புதைபடிவம் கிடைக்கிறதே, நல்லம்பள்ளியில் ஏன் கிடைப்பதில்லை?" நல்ல கேள்வி. இதற்குப் பதில் தேடினால் பூமியில் உயிர்கள் வாழ்ந்த வரலாறே ஓரளவு புரிந்துவிடும்.

நம் காலடியில் இருப்பது

தொப்பூர் கணவாயில் சாலைக்காக வெட்டிய பாறைச் சுவர்களை எல்லோரும் பார்த்திருப்போம். தர்மபுரி, சேலம் பகுதிகளில் அப்படித் தெரிபவை பெரும்பாலும் நைஸ், சார்னோக்கைட் என்ற இரண்டு வகைப் பாறைகள். நைஸ் பாறையில் வெள்ளையும் கருப்புமாக வரிகள் ஓடும். சார்னோக்கைட் கருநீலமும் பச்சையும் கலந்த ஒரு மங்கல் நிறத்தில் இருக்கும்.

சார்னோக்கைட் என்ற பெயருக்கு ஒரு கதை உண்டு. கல்கத்தாவில் 1693ல் இறந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறை அங்குள்ள செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட், அது சென்னைப் பல்லாவரத்துக் கல்லோடு ஒத்துப்போவதைக் கண்டு, 1893ல் அவர் பெயரையே பாறைக்கு வைத்தார். தமிழ்நாட்டுக் கல் ஒன்று வங்காளத்தில் இறந்த ஆங்கிலேயரின் பெயரால் உலகம் முழுவதும் அறியப்படுகிறது.

நம் பகுதிப் பாறைகளின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். இவை தரைமட்டத்தில் உருவானவை அல்ல. இருபது, முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில் வெந்து உருமாறியவை. மேலே இருந்த மலைகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக மழையிலும் காற்றிலும் தேய்ந்து போனதால்தான் அடியில் இருந்தது இன்று நம் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் எந்த ஓடும் எலும்பும் மிஞ்சாது. மேலும், அந்தக் காலத்தில் ஓடோ எலும்போ உள்ள உயிர் எதுவும் பூமியில் இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மட்டுமே இருந்தன. நம் ஊரில் புதைபடிவம் இல்லாததற்கு இந்த இரண்டும்தான் காரணம்.

சமையல் மேடைக் கருப்பு கிரானைட்டும் இப்படித்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியில் வெட்டி எடுக்கும் கருப்புக் கல், பழைய பாறையில் ஏற்பட்ட வெடிப்புகளுக்குள் உருகிய குழம்பு ஏறி உறைந்தது. அதிலும் உயிரின் தடம் இருக்க வழியில்லை.

வயதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

250 கோடி என்று எப்படிச் சொல்கிறார்கள் என்ற சந்தேகம் நியாயமானது. வணிகவியல் படித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். தேய்மானம் போடும்போது நேர்க்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை என்று இரண்டு படித்திருப்போம். இரண்டாவது முறையில் ஒவ்வோர் ஆண்டும் மீதியுள்ள மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கழியும். மதிப்பு குறைந்துகொண்டே வரும், ஆனால் சூன்யம் ஆகாது. கதிரியக்கத் தனிமங்கள் இந்த இரண்டாவது முறையில்தான் தேய்கின்றன.

யுரேனியம் 238 என்ற தனிமம் பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டுகள் ஆகும். குறைந்த பங்கு ஈயமாக மாறிவிடும். பாறைக்குள் சிர்க்கான் என்று ஒரு சிறு படிகம் இருக்கிறது. அது உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை அநேகமாகச் சேர்ப்பதில்லை. ஆகவே இன்று அதற்குள் எவ்வளவு யுரேனியம் மீதி, எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் கணக்கு எப்போது தொடங்கியது என்று பின்னோக்கிப் போய்க் கண்டுபிடித்துவிடலாம். தேய்மான விகிதமும் இன்றைய மதிப்பும் தெரிந்தால் இயந்திரம் வாங்கிய வருடத்தைச் சொல்லிவிடலாம் அல்லவா, அதேதான்.

புதைபடிவம் உள்ள பாறைகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஆற்று வண்டலும் கடல் சேறும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய பாறைகள் அவை. அடுக்கு கலையாமல் இருந்தால் கீழே இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. ஸ்டெனோ என்ற டென்மார்க் அறிஞர் 1669லேயே எழுதிவைத்த விதி இது. மாடியில் பழைய பேப்பர் அடுக்கும் எல்லோருக்கும் தெரிந்த விதியும்கூட.

அரியலூரில் இருந்த கடல்

இங்கிருந்து சேலம், ஆத்தூர், பெரம்பலூர் வழியாகச் சுமார் 200 கிலோமீட்டர் போனால் அரியலூர். பழைய கெட்டிப் பாறை பெரம்பலூர்ப் பக்கம் முடிந்து, அங்கே அடுக்குப் பாறை தொடங்குகிறது.

ஒரு காலத்தில் இந்தியா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் ஒரே நிலமாக ஒட்டியிருந்தன. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் கிழக்கு விளிம்பு பிரியத் தொடங்கியது. தாழ்ந்த இடங்களில் கடல் புகுந்தது. இன்றைய பெரம்பலூர், அரியலூர் பகுதி கடலடியாகி, பல கோடி ஆண்டுகள் சேறும் மணலும் சுண்ணாம்பும் அங்கே படிந்துகொண்டே இருந்தன. நம் நல்லம்பள்ளிப் பாறை அப்போதே மிகப் பழையது.

1840களில் சென்னை மாகாண சிவில் அதிகாரிகளான கே, கன்லிஃப் இருவரும் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் கிடைத்த ஓடுகளைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846ல் அவற்றைப் பற்றி அறிக்கை எழுதினார். பிறகு 1851ல் தொடங்கிய இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஹென்றி பிளான்ஃபோர்டு அந்தப் பகுதி முழுவதையும் நடந்தே அளந்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அடுக்குகளைப் பிரித்துப் பெயரிட்டார். இவர்தான் பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் ஆனவர்.

அங்கே கிடைத்த ஓடுகளை ஒன்றுவிடாமல் ஆராய்ந்து பல தொகுதிகளாக எழுதியவர் மொராவியாவில் பிறந்த ஃபெர்டினாண்டு ஸ்டோலிச்கா. 1874ல், யார்க்கண்டு பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக் மலையில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 36. நம் ஊட்டத்தூர்க் கல் பற்றி எழுதியவரின் சமாதி லேயில் இருக்கிறது.

அந்த அடுக்குகளில் கிடைப்பவை ஏராளம். காரை கிராமத்துக் களிமண் மேடுகளில் துப்பாக்கித் தோட்டா வடிவில் பெலம்னைட் கிடைக்கும். கணவாய் மீனின் உறவு அது. கல்லக்குடிப் பக்கம் பவளப்பாறை. கருடமங்கலத்தில் சிப்பிகளும் நத்தை ஓடுகளும் நெருக்கமாகப் பதிந்த சுண்ணாம்புக் கல். அதை மெருகேற்றித் திருச்சி மார்பிள் என்று அலங்காரத்துக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது அம்மோனைட். ஆட்டுக்கடா கொம்பு போல் சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்த கடல் உயிரி. ஓர் இனம் தோன்றி, பரவி, குறுகிய காலத்தில் மறைந்துவிடும்; அடுத்து வேறு இனம் வரும். அதனால் குறிப்பிட்ட அம்மோனைட் இருந்தால் அந்தப் பாறையின் காலத்தை, ஐரோப்பாவில் உள்ள பாறையோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம். நாணயத்தில் உள்ள ராஜாவின் தலையைப் பார்த்து காலத்தைச் சொல்வது போல.

சாளக்கிராமமும் அம்மோனைட்தான். நேபாளத்தில் கண்டகி நதியில் கிடைக்கும் அந்தக் கருங்கல்லில் நாம் சக்கரம் என்று வணங்குவது அந்த ஓட்டின் சுருள். இமயமலை எழுவதற்கு முன் அங்கே கடல் இருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். இதைத் தெரிந்துகொள்வதால் பக்தி குறையும் என்று நான் நினைக்கவில்லை.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அம்மோனைட்டுகள் உலகம் முழுவதும் ஒருசேர அழிந்தன. அரியலூர் அடுக்குகளுக்கு மேலே உள்ள நின்னியூர் அடுக்கில் அவை இல்லை. பறவை இனம் தவிர்த்த டைனோசர்களும் அதே சமயத்தில்தான் போயின.

கல்லான மரங்கள்

கடலோரக் காடுகளின் மரங்களும் இந்தச் சேற்றில் வந்து புதைந்திருக்கின்றன. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள ஓர் அடிமரம் கல்லாகக் கிடக்கிறது. 1940ல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் இதைக் கண்டறிந்தார். விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் இருப்பது வேறு காலம். அவை சுமார் 2 கோடி ஆண்டு வயதுள்ளவை. பிரெஞ்சுப் பயணி சொன்னரா 1781லேயே அவற்றைக் குறிப்பிட்டிருக்கிறார். இரண்டு இடங்களும் தேசியப் புவியியல் சின்னங்கள்.

மரம் எப்படிக் கல்லாகும்? காற்றுப் புகாத சேற்றில் புதைந்ததும் அழுகுவது நின்றுவிடும். நிலத்தடி நீரில் கரைந்துள்ள சிலிக்கா ஒவ்வொரு நுண்ணறையாக உள்ளே புகுந்து நிரப்பும். மரம் போய்விடும், ஆனால் அதன் வளையமும் நாரும் அப்படியே கல்லில் நிற்கும்.

கைவிட்டுப் போன எலும்பு

1987ல் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரி, அய்யாசாமி இருவரும் அரியலூர் அருகே கல்லமேடு என்ற இடத்தில் கிடைத்த ராட்சத எலும்புகளைப் பற்றி எழுதினார்கள். 'புருகத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். 'பிருகத் காயம்', அதாவது பெரிய உடல். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம். முதலில் மாமிசம் தின்னும் வகை என்று நினைத்தார்கள். பிறகு நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்று முடிவானது. சில கணிப்புகள் அதை நீலத் திமிங்கலத்துக்கு நிகராக வைக்கின்றன.

ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை. நொறுங்கும் நிலையில் இருந்தவை மழையிலும் ஈரத்திலும் சிதைந்துவிட்டன. மிஞ்சியவை கோட்டோவியங்களும் சில பழைய புகைப்படங்களும்தான். அது எலும்பே அல்ல, கல்மரம் என்றுகூடச் சிலர் சந்தேகித்தார்கள். சரிபார்க்க வழியில்லை. வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். லெட்ஜரில் பதிவு இருக்கிறது, ஆனால் வவுச்சர் இல்லை.

இதற்கு நேர்மாறான வேடிக்கையும் உண்டு. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் ஏரி தோண்டியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளிவந்தன. டைனோசர் முட்டை என்று செய்தி பரவியது. விவரம் தெரிந்தவர்கள் பார்த்து, அவை அம்மோனைட்டைச் சுற்றிக் கடல் சேறு இறுகிய உருண்டைகள் என்றார்கள். நம் வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஏதாவது வந்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஓர் ஆண்டுக் கணக்கு

நல்லம்பள்ளிப் பாறையின் 250 கோடி ஆண்டுகளை ஒரே ஆண்டாகச் சுருக்கிப் பார்ப்போம். ஜனவரி 1 அன்று நம் பாறை உருவாகிறது. நிலத்தில் முதல் செடிகள் தலைகாட்டுவது அக்டோபர் கடைசி வாரத்தில். அரியலூரில் கடல் அலைவீசியது டிசம்பர் நடுவில். டைனோசர்கள் அழிந்தது டிசம்பர் 22 வாக்கில். மனித இனம் வந்தது டிசம்பர் 31 இரவு 11 மணிக்கு. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் 4,200 ஆண்டுகளுக்கு முன் இரும்பு பயன்படுத்தினார்கள் என்று தொல்லியல் துறை கண்டறிந்ததே, அது நள்ளிரவுக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது.

சிமென்ட் மூட்டைக்குள் போவது

கடைசியாக, முதலில் சொன்ன சிமென்ட். சிமென்டின் முக்கிய மூலப்பொருள் சுண்ணாம்புக் கல். அரியலூர்ப் பக்கம் அந்தச் சுண்ணாம்பில் பெரும் பங்கு, பழைய கடலின் சிப்பிகளும் ஓடுகளும் பவளமும் சேர்த்துவைத்தது. அதனால்தான் அங்கே இத்தனை சிமென்ட் ஆலைகள். புதைபடிவம் எங்கே செழிப்பாக இருக்கிறதோ அங்கேதான் சுரங்கமும் இருக்கிறது. நம் வீட்டுச் சுவரிலேயே அந்த ஓடுகளின் தூள் இருக்கலாம்.

இதற்காக வீடு கட்டாமல் இருக்க முடியாது. சுரங்கம் வெட்டியதால் வெளிவந்த புதைபடிவங்களும் பல. அவை உலைக்குப் போகும் முன் யாராவது பார்த்து, எந்த அடுக்கில் கிடைத்தது என்று குறித்து, தனியே எடுத்துவைக்க வேண்டும், அவ்வளவுதான். அடுக்கு தெரியாமல் எடுத்த ஓடு, தேதி இல்லாத ரசீது மாதிரி; அழகாக இருக்கும், எதையும் நிரூபிக்காது. கல்லமேட்டு எலும்புக்கு நடந்தது மற்றவற்றுக்கும் நடக்கக் கூடாது.

நாம் செய்யக்கூடியது சிறியது. இந்தக் கோடை விடுமுறையில் சங்கத்தின் சுற்றுலாவுக்கு இடம் தேடுகிறவர்கள் சாத்தனூர்க் கல்மரத்தையும், அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தையும் யோசிக்கலாம். குழந்தைகள் அங்கே எதையாவது கண்டால் உளி வைத்துத் தட்ட வேண்டாம், பையில் போட வேண்டாம். பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை அளவுக்கு வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, அருங்காட்சியகத்தில் காட்டினால் போதும். காலை ஆறு மணிக்கு வேன் கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். விருப்பமுள்ளவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கவும்.