தாய்ப்பலகையின் நம்பகம்: ஒரு வணிக வரலாறு

கணினியின் பாகங்களைத் தனித்தனியாக வாங்கித் தாமே இணைத்துக்கொள்ள முனைவோர், செயலியையும் நினைவகத்தையும் வட்டையும் எண்களைக் கொண்டு ஒப்பிட்டுத் தேர்ந்துவிடுகின்றனர். ஆனால் அவை அனைத்தையும் தாங்கி, அவற்றுக்கிடையே தரவுகளைக் கடத்தி, ஒவ்வொன்றுக்கும் வேண்டிய மின்சாரத்தை அளந்து கொடுக்கும் தாய்ப்பலகையின் நம்பகத்தைச் சொல்ல அப்படிப்பட்ட எண் எதுவும் கிடையாது. நல்ல பலகையும் குறையுள்ள பலகையும் முதல் நாளில் ஒரே மாதிரிதான் இயங்குகின்றன. வேறுபாடு வெளிப்படுவதற்குள் ஈராண்டோ மூவாண்டோ கடந்து, அந்த மாதிரியே சந்தையிலிருந்து மறைந்துவிடுகிறது. இதனால்தான் பலகை வாங்குவோர் இன்று வழக்கமாகக் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை, ஏதோ ஒரு காலத்தில் பல்லாயிரம் பேரைப் பாதித்த ஒரு பழுதிலிருந்தோ ஏமாற்றிலிருந்தோ பிறந்தவையாக இருக்கின்றன.

தொடக்க காலத்துச் சிறு கணினிகளில் தாய்ப்பலகையைத் தேர்ந்தெடுக்கும் தேவையே எழவில்லை. 1975இல் வெளிவந்த ஆல்டேர் 8800இல் செயலியும் நினைவகமும் தனித்தனி அட்டைகளில் இருந்தன. அடியில் இருந்த பலகையின் வேலை, அந்த அட்டைகளைச் செருகும் வாய்களைக் கம்பிகளால் இணைப்பது மட்டுமே. 1977இன் ஆப்பிள் 2, செயலி முதலிய முதன்மைச் சுற்றுகள் அனைத்தையும் ஒரே பலகையில் அமைத்து, விரிவாக்கத்துக்கென எட்டு ஸ்லாட்டுகளையும் வைத்தது. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பி.சி.யை அறிவித்தபோது அதன் மின்சுற்று வரைபடங்களையும் பயாஸ் எனப்படும் அடிப்படை நிரலின் வரிகளையும் கையேடாகவே அச்சிட்டு விற்றது. பயாஸ் என்பது, மின்விசையைத் தட்டியதும் வன்பொருளைச் சோதித்து எழுப்பி, இயங்குதளத்திடம் ஒப்படைக்கும் நிரல். அதன் வரிகளுக்குப் பதிப்புரிமை இருந்ததால் அப்படியே நகலெடுக்க முடியவில்லை. ஆயினும் அதன் செயல்பாட்டை மட்டும் ஆராய்ந்து புதிதாக எழுதும் வழியைக் காம்பேக் நிறுவனம் காட்டியது, 1984இல் ஃபீனிக்ஸ் நிறுவனம் அத்தகைய பயாஸை எவருக்கும் விற்கத் தொடங்கியது. அன்றுமுதல் தாய்ப்பலகை, எந்த நிறுவனமும் செய்து விற்கக்கூடிய சரக்காயிற்று.

அந்த வாய்ப்பைத் தைவான் பற்றிக்கொண்டதில் சிப்செட்டின் பங்கு பெரிது. ஐபிஎம்மின் பலகைகளில் பரவிக்கிடந்த ஏராளமான சிறு தர்க்கச் சில்லுகளின் வேலையை, விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெரிய சில்லுகளுக்குள் அடக்கும் தொகுதியே சிப்செட். 1980களின் நடுவில் அமெரிக்காவின் சிப்ஸ் அண்ட் டெக்னாலஜிஸ் நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்த பின், பலகை வடிவமைப்பு சிறு நிறுவனங்களுக்கும் கைக்கெட்டியது. 1986இல் ஜிகாபைட்டும் எம்எஸ்ஐயும், 1987இல் எலைட்குரூப்பும், 1989இல் ஏபிட்டும், ஏசர் நிறுவனத்திலிருந்து விலகிய நான்கு பொறியாளர்கள் தொடங்கிய ஆசஸும் தைவானில் தோன்றின. ஒரே சிப்செட்டை வாங்கி, ஏறத்தாழ ஒரே மாதிரியான பலகையைப் பல நிறுவனங்கள் செய்தபோது போட்டி விலையில் மட்டுமே நின்றது. விலையைக் குறைக்க, வாங்குவோர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் கை வைக்க வேண்டியிருந்தது.

அதன் வெட்கமற்ற சான்று 1990களின் நடுவில் வெளிப்பட்டது. 486 செயலிகளுக்கான பலகைகளில், அடிக்கடி தேவைப்படும் தரவுகளைச் செயலிக்கு அருகில் வைத்திருக்கும் இடைமாற்று நினைவகம், அதாவது கேஷ், தனிச் சில்லுகளாகப் பொருத்தப்பட்டது; மலிவான சில பலகைகளிலோ அந்த இடத்தில், உள்ளே சிலிக்கான் எதுவும் இல்லாத பிளாஸ்டிக் உறைகள் கால்களோடு பற்றவைக்கப்பட்டிருந்தன. அதோடு நில்லாமல், கணினி எழும்போது கேஷ் இருப்பதாகவே திரையில் காட்டும்படி பயாஸும் திருத்தப்பட்டிருந்தது. பலகையே தன்னைப் பற்றித் தரும் வாக்குமூலத்தை நம்பக்கூடாது, அளந்து பார்க்கும் தனி நிரலைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்னும் பழக்கம் வேரூன்றியதற்கு இந்த மோசடியே பெருங்காரணம். கணினி இதழ்கள் பலகைகளைச் சோதனைக்கூடத்தில் ஒப்பிட்டு வெளியிட்ட கட்டுரைகளுக்கு இருந்த மதிப்பும் அதனால் உயர்ந்தது.

தவறு செய்பவர் எப்போதும் உற்பத்தியாளராகவே இருக்கவில்லை. பழைய ஏ.டி. வகைப் பலகைகளுக்கு மின்சாரம் கொடுத்த பி8, பி9 என்னும் இரு இணைப்பான்களில் ஆறாறு கம்பிகள் இருந்தன. கறுப்புக் கம்பிகள் நடுவில் அடுத்தடுத்து வரும்படி செருக வேண்டும், இடம் மாற்றிச் செருகினால் பலகை கருகிவிடக்கூடும். இன்டெல் 1995இல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ் அளவுமுறை, இரண்டையும் நீக்கி, ஒரே திசையில் மட்டும் நுழையும் 20 முனை இணைப்பான் ஒன்றை வைத்தது. பலகையின் நீள அகலங்களையும் திருகுத் துளைகளின் இடங்களையும் வகுத்து, விசைப்பலகை முதலிய இணைப்புவாய்களைப் பின்புறத்தில் ஒரே தொகுதியாக்கியது. 305க்கு 244 மி.மீ. என்னும் அந்த அளவு இன்றும் நிலைத்திருப்பதால்தான், முப்பது ஆண்டுக்கு முந்தைய பெட்டிக்குள் புதிய பலகை ஒன்றைப் பெரும்பாலும் திருகிவிட முடிகிறது.

1998இல் இன்டெல்லின் 440பி.எக்ஸ் சிப்செட் வந்தபின், தேர்வின் முதற்கேள்வி எந்த நிறுவனத்தின் பலகை என்பதிலிருந்து எந்தச் சிப்செட் என்பதற்கு மாறியது. அதை அடுத்து வந்த 820 சிப்செட்டோடு இணைத்த நினைவக மாற்றிச் சில்லில் பிழை தெரிந்து, அது பொருத்தப்பட்ட பலகைகளை 2000இல் இன்டெல் திரும்பப் பெற நேர்ந்தது, பழைய பி.எக்ஸ் பலகைகளின் மதிப்பு அதனால் இன்னும் கூடியது. இதே ஆண்டுகளில், தைவான் மாணவர் ஒருவர் எழுதிய சி.ஐ.எச். நச்சுநிரல் 1999 ஏப்ரல் 26 அன்று பல நாடுகளில் விழித்தெழுந்து, வட்டுகளை அழித்ததோடு பல பலகைகளின் பயாஸையும் குப்பையாக மேலெழுதியது. பயாஸ் சில்லு கழற்றி மாட்டும் வகையா, மாற்றுப் படி ஒன்று பலகையிலேயே உண்டா என்று விசாரிக்கும் பழக்கம் இந்த அச்சத்தினால் வலுப்பெற்றது.

ஆயினும், தாய்ப்பலகை வாங்குவோரின் பார்வையை அடியோடு மாற்றியது, உப்பிய மின்தேக்கிகளின் காலமே. அலுமினிய மின்தேக்கி என்பது, இரு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு இடையே மின்பகுளித் திரவத்தில் ஊறிய காகிதத்தை வைத்துச் சுருட்டி, சிறு அலுமினியக் குடுவைக்குள் அடைத்து, அடியில் ரப்பரால் மூடிய பாகம். ஒரு தகட்டின்மேல் வளர்க்கப்பட்ட நுண்ணிய ஆக்சைடுப் படலமே மின்னேற்றத்தைத் தாங்கி நிற்கிறது. செயலியைச் சுற்றி வரிசையாக நிற்கும் இவை, மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கங்களைத் தணிக்கின்றன. செயலிகளின் மின்தேவை உயர உயர, உள்மின்தடை குறைந்த மின்தேக்கிகள் வேண்டியிருந்தன. அதற்கு நீர் மிகுந்த மின்பகுளி மலிவான வழி. நீரோ அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவை வெளியிடக்கூடியது. அரிப்பைத் தடுக்கும் சேர்மங்கள் சரியான அளவில் கலக்கப்படாத மின்பகுளியில், வாயு அழுத்தம் நாளுக்கு நாள் ஏறியது. குடுவையின் தலையில், வெடிக்காமல் பிளந்து கொடுப்பதற்கென்றே கீறப்பட்ட சிலுவை அல்லது கே வடிவக் கோடுகள் உப்பிப் பிளந்து, அவற்றின் வழியே பழுப்பு நிறக் கசிவு வெளியேறியது. அதற்கு முன்பே கணினி காரணமின்றி உறையும், தானாக மறுதொடக்கம் செய்யும், ஒரு நாள் எழ மறுக்கும். மென்பொருள் கோளாறு என்று எண்ணி இயங்குதளத்தை மீண்டும் மீண்டும் நிறுவியோர் எண்ணற்றோர்.

2002 செப்டம்பரில் மின்னணுத் தொழில் இதழ்களிலும், 2003 பிப்ரவரியில் ஐஇஇஇ ஸ்பெக்ட்ரம் இதழிலும் இப்பழுது பற்றிய செய்திகள் வெளிவந்தன. ஜப்பானிய நிறுவனம் ஒன்றிலிருந்து வெளியேறிய வேதியியலாளர் வழியாகக் கசிந்த கலவைக் குறிப்பு, முழுமை பெறாத நிலையில் தைவான் ஆலைகளை அடைந்தது என்ற கதை அப்போது பரவியது. கதை கவர்ச்சியானது, ஆனால் முழுவதும் மெய்ப்பிக்கப்படாதது, பல நிறுவனங்களின் சரக்கில் பல ஆண்டுகள் நீடித்த பழுதுக்கு அது ஒன்றே விடையாகவும் முடியாது. விலைப்போட்டியில் சோதனைக் காலம் சுருங்கியதும் அதே அளவு பொறுப்புடையது எனக் கொள்வதே பொருந்தும். இதன் விளைவாக, பெட்டிகளின்மேல் ஜப்பானிய மின்தேக்கிகள் என்ற அறிவிப்பு விளம்பரமாயிற்று. அந்த அளவுகோலும் முழுமையானதன்று: ஆப்டிபிளெக்ஸ் கணினிகளின் பழுதான பலகைகளை மாற்றுவதற்கு டெல் நிறுவனம் 2005இல் 30 கோடி டாலரை ஒதுக்க நேர்ந்தபோது, அவற்றில் உப்பியவை ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் மின்தேக்கிகளே.

நிலையான தீர்வு, திரவத்தையே கைவிடுவதில் கிடைத்தது. மின்பகுளிக்குப் பதிலாக மின்கடத்தும் திடப்பொருளை வைக்கும் மின்தேக்கிகளை ஜப்பானின் சான்யோ 1980களிலேயே செய்திருந்தும், விலை காரணமாக அவை தாய்ப்பலகைகளில் அரிதாகவே இடம்பெற்றன. 2006 வாக்கில்தான், முழுவதும் திட மின்தேக்கிகளைக் கொண்ட பலகைகளைத் தைவான் நிறுவனங்கள் தம் சிறப்பாக முன்வைத்து விற்கத் தொடங்கின. 105 பாகை வெப்பத்தில் 2000 மணி நேரம் உழைக்கும் திரவ மின்தேக்கி, வெப்பம் 10 பாகை குறையும்தோறும் இருமடங்கு காலம் நிற்கும் என்பது பொறியாளர்களின் கணக்கு. அதாவது 65 பாகையில் ஏறத்தாழ 32,000 மணி நேரம். திட வகையில் 20 பாகை குறைந்தால் ஆயுள் பத்து மடங்காகிறது.

மின்தேக்கிகளைக் கவனிக்கத் தொடங்கிய கண்கள், அவற்றை அடுத்திருந்த மின்னழுத்தச் சீராக்கியையும் நோக்கின. 1993இன் முதல் பென்டியம் 5 வோல்ட்டில் இயங்கியது. இன்றைய செயலிகள் ஏறத்தாழ 1 வோல்ட்டில் இயங்குகின்றன. 100 வாட் மின்திறனை 5 வோல்ட்டில் கொடுக்க 20 ஆம்பியர் போதும், 1 வோல்ட்டில் கொடுக்க 100 ஆம்பியர் வேண்டும். இவ்வளவு மின்னோட்டத்தை ஒரே வழியில் செலுத்த இயலாததால், மாஸ்ஃபெட் எனப்படும் மின்விசைச் சில்லுகளும் ஒரு கம்பிச்சுருளும் சேர்ந்த பல கட்டங்களுக்கு அது பகிர்ந்தளிக்கப்படுகிறது. கட்டங்களின் எண்ணிக்கை விளம்பரமானவுடன், ஒரு கட்டத்திலேயே இரு சுருள்களை இணையாக வைத்து எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டும் வழக்கமும் வந்தது. ஆகவே சுருள்களை எண்ணுவதைவிட, சில்லுகளின் தரத்தையும் அவற்றின்மேல் அமைந்த வெப்பத்தணிப்பானையும் பார்ப்பதே தகும்.

இந்தியாவில் இந்த வரலாறு சென்னை ரிச்சி தெரு, டெல்லி நேரு பிளேஸ், மும்பை லேமிங்டன் சாலை ஆகிய சந்தைகளின் வழியே நிகழ்ந்தது. நிறுவனக் கணினிகளின் விலை எட்டாத குடும்பங்களும், தட்டச்சு நிலையங்களும், அச்சகங்களும் அசெம்பிள்டு கணினிகளையே நாடின. கோடை வெப்பமும் தூசியும் நிலையற்ற மின்னழுத்தமும் பலகைகளின் ஆயுளைக் குறைத்த சூழலில், இன்டெல் தன் பெயரிலேயே விற்ற பலகைகளை ஒரிஜினல் போர்டு என்று கேட்டு வாங்குவது வழக்கமாயிற்று. பழுதான பலகையை எறியாமல், உப்பிய மின்தேக்கிகளை மட்டும் கழற்றி மாற்றிக் கொடுக்கும் சிப் லெவல் சர்வீஸ் கடைகள் அத்தெருக்களில் தனித்தொழிலாகவே வளர்ந்தன. சாமானியர் கணினியின் ஆயுளை நீட்டித்ததில் அவர்களுக்குரிய இடம் இன்னும் முறையாகப் பதிவாகவில்லை.

பெரும்பெயரும் முழுக்காப்பு அன்று என்பதை 2011 ஜனவரி 31 அன்று இன்டெல்லே அறிவித்தது. அதன் 6 வரிசைச் சிப்செட்டில், வட்டுகளை இணைக்கும் நான்கு சாட்டா வாய்கள் நாளடைவில் தேய்ந்து பிழைபடக்கூடும் எனக் கண்டறியப்பட்டு, பழுதுநீக்கவும் மாற்றிக் கொடுக்கவும் 70 கோடி டாலர் செலவாகும் என மதிப்பிடப்பட்டது. அந்நிறுவனம் 2013இல் மேசைக் கணினிகளுக்கான தன் பலகைத் தொழிலையும் நிறுத்தப்போவதாக அறிவித்தது.

அண்மைக் காலத்தில் நம்பகத்தின் களம் பயாஸ் நிரலுக்கு நகர்ந்துள்ளது. 2023இல் ஏஎம்டி நிறுவனத்தின் சில ரைசன் 7000 செயலிகள் கருகியதற்கு, பலகைகளின் நிரல் கொடுத்த மிகையான மின்னழுத்தம் காரணம் எனக் கண்டு, ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டுக்குள் கட்டுப்படுத்தியது; பலகை நிறுவனங்கள் புதிய பயாஸை விரைந்து வெளியிட வேண்டியதாயிற்று. பயாஸை எத்தனை ஆண்டுகள் புதுப்பித்துத் தருவார்கள் என்பது இன்று பலகையின் ஆயுளையே நிர்ணயிக்கிறது. 2017இல் வந்த, ஏஎம்4 என்னும் செயலிவாய் கொண்ட பலகைகள் 2022இல் ரைசன் 5000 செயலிகளையும் ஏற்கத் தொடங்கின. ஆனால் அவற்றில் பலவற்றின் பயாஸ் சில்லு 16 மெகாபைட் கொள்ளளவே உடையதாக இருந்ததால், புதிய செயலிகளுக்கு இடம் கொடுக்கப் பழைய செயலிகளின் ஆதரவையோ அமைப்புத் திரையின் வண்ணப்படங்களையோ சில நிறுவனங்கள் நீக்க நேர்ந்தது. அதன் பின்னர் வந்த பலகைகளில் 32 மெகாபைட் சில்லு பொருத்துவது பெருகியது; விவரக்குறிப்பில் அந்த எண்ணையும் தேடிப் பார்ப்போர் இப்போது இருக்கின்றனர்.